இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்

சைக்கிளில் பொருத்துகிற சீன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் இரண்டை வாங்கி மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பெட்டியிலும் 80 சிசி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஒன்றுகூட 80 இல்லை. ஹெட்டின் நான்கு நட்டுகளைக் கழற்றி வெர்னியர் வைத்து அளந்தேன். இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 47 மி.மீ. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், ஒன்றில் 38, மற்றதில் 40. கணக்குப் போட்டால் 66 சிசி, 69 சிசி. விற்றவரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, "80 என்பது மாடலின் பெயர், சார்" என்றார். பெயர் வைப்பதில் எதற்குக் கஞ்சத்தனம் என்று நினைத்துவிட்டார் போலும்.

கோத்தகிரிப் பக்கம் எனக்குச் சிறு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கீழ்த்தோட்டத்தில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி மேலே கொட்டகைக்கு ஏற்ற வேண்டும். நானூறு மீட்டர் மண்பாதை, அதில் பாதி நெஞ்சை முட்டுகிற ஏற்றம். பாதை முழுவதும் என் நிலத்துக்குள்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 25 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டிய சைக்கிள் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மோட்டார் வாகனம்தான். பதிவு எண் இல்லாமல் ரோட்டில் ஏற்றக் கூடாது. வாங்க நினைப்பவர்கள் முதலில் இதை யோசியுங்கள்.

முதலில் 38. உதைத்துக் கிளப்ப இதில் எதுவும் கிடையாது. பெடலை மிதித்து, வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. சமதளத்தில் துள்ளிக்கொண்டு போயிற்று. வேகம் கூடக்கூட இதன் சத்தம்கூட மெருகேறுகிறது. ஆனால் இரண்டு சாக்கு ஏற்றி மேட்டுக்குத் திருப்பினால், மூன்றாவது வளைவில் இருமிக்கொண்டு நின்றுவிடும். கிளட்சை அரைகுறையாகப் பிடித்து எஞ்சினை உறும விட்டால்தான் மேலே வரும். அப்படி ஓட்டினால் கிளட்ச் எத்தனை நாளைக்கு வரும்?

40 பூட்டியபோது அதே வளைவில், அதே பாரத்தோடு, எஞ்சின் தடதடவென்று மெதுவாக இழுத்துக்கொண்டு ஏறியது. பிஸ்டனை மேலும் கீழும் ஆட்டுகிற கிராங்கின் கை ஸ்ட்ரோக்கில் பாதி நீளம்; அது ஒரு மி.மீ. கூடியதால் நெம்புகோலும் நீள்கிறது, உள்ளே போகும் கலவையும் ஐந்து சதவீதம் கூடுகிறது. நம் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பரை நினைத்துப் பாருங்கள்: அந்த டூ-ஸ்ட்ரோக்கில் விட்டம் 46, ஸ்ட்ரோக் 42. மூட்டையோடு அது ஏறாத மேடு உண்டா?

ஆனால் 40-ஐக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சைலன்சரைக் கழற்றி, பின்சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, புகைபோகும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் அடிவிளிம்புக்குக் கீழே நகக்கண் அளவு இடைவெளி தெரிந்தது. 38 மி.மீ. கிராங்குக்கு அளவெடுத்த சிலிண்டரில் 40-ஐப் பூட்டினால் பிஸ்டன் ஒரு மி.மீ. கூடுதலாக எம்பிவிடும், துளையின் அடி திறந்துகொள்ளும். கிராங்க் பெட்டியில் கிடக்கும் பெட்ரோல் அந்த வழியாக வீணாகப் போகும். சிலிண்டருக்கு அடியில் இடைவெளியை அடைக்கிற கேஸ்கெட்டைத் தடிப்பாக வெட்டி வைத்துச் சரிசெய்தேன். சிலிண்டர் உயர்ந்ததும் துளையும் சேர்ந்து உயர்ந்தது. பாதி நாள் வேலை. இதைக் கடைக்காரர் செய்து அனுப்பியிருக்க வேண்டும்.

இன்னொரு குறை அதிர்வு. ஒரே சுழற்சி வேகத்தில் 40-இன் பிஸ்டன் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது: நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 38-க்குச் சராசரி வேகம் நொடிக்கு 7.6 மீட்டர், 40-க்கு 8. இறக்கத்தில் விட்டால் கைப்பிடி கூசுகிறது. மட்கார்டு போல்ட்டு ஒன்று இரண்டாம் வாரமே எங்கோ விழுந்துவிட்டது.

எது வாங்கினாலும் மலையில் கார்புரேட்டரைத் தொட்டே ஆக வேண்டும். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. 69 சிசி என்றாலும் கோத்தகிரியில் 58 சிசி எஞ்சின் அளவுக்குத்தான் காற்று உள்ளே போகிறது. கீழே அளந்த பெட்ரோல் இங்கே அதிகப்படி. பிளக் கரிக்கட்டையாக வந்தது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கிப் பெட்ரோல் குறையும். அப்படிச் செய்ததும் பிளக் காப்பிப் பொடி நிறத்துக்குத் திரும்பியது.

40-ஐ நானே வைத்துக்கொண்டேன். 38 மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் மச்சானின் பாக்குத்தோப்புக்குப் போய்விட்டது. அங்கே தரை மட்டம், காற்றும் கனம். போன வாரம் போயிருந்தபோது கிளிப்பைப் பழைய காடிக்கே இறக்கி வைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினேன். இங்கே இருமிய எஞ்சினா இது என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. மச்சான் மட்டும் இன்னும் அதை 80 சிசி என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.