சில்லறை வேலை எல்லாத்தையும் ஒரே ஆள்கிட்ட விடப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு விடுங்க

எங்க வீட்டு ரெனவேஷன்ல பெரிய வேலை எல்லாம் ஒழுங்காவே முடிஞ்சுது. சுவர் எடுத்தது, பீம் கொடுத்தது, மேல் தளம், எதுலயும் பெருசா குறை சொல்ல முடியாது. சிக்கினது முழுக்க அதுக்கப்புறம் மிச்சம் இருந்த சில்லறை வேலைலதான். ஒரு பாத்ரூம் டைல்ஸ் மாத்தணும், பெட்ரூம் பெயிண்ட், சிங்க்குக்கு அடியில ஒரு கப்போர்டு, நாலஞ்சு பிளக் பாயிண்ட், ஒரு ஹீட்டர் பாயிண்ட். இதுக்குன்னு பெரிய கான்ட்ராக்டர் யாரும் வர மாட்டாங்க, வரேன்னு சொன்னாலும் ஆள் அனுப்புறேன் ஆள் அனுப்புறேன்னு இழுத்தடிப்பாங்க. அப்பதான் தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர் வந்தார், "எல்லாமே நாங்களே பண்ணிடுவோம்க்கா, நீங்க யாரையும் தேடி அலைய வேணாம்"னு. டேப் வெச்சு அளந்தார், குத்துமதிப்பா ஒரு தொகை சொன்னார், மெட்டீரியலோட சேர்த்துத்தான்னார். அவர் பேரு ஊரு எதுவும் இங்க போடப் போறதில்ல, இதே மாதிரி வேலை பண்றவங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க, எங்கெங்க கைவரிசை காட்டுறாங்கன்னு தெரிஞ்சா அதுவே போதும்.

சில்லறை வேலைல ஏன் இவ்வளவு ஈஸியா ஏமாத்த முடியுதுன்னா, ஒவ்வொண்ணும் அடுத்த வேலைக்கு அடியில போய் மறைஞ்சிடுது. வாட்டர்புரூஃபிங்கை டைல்ஸ் மூடிடும், பிரைமரை பெயிண்ட் மூடிடும், வயரை பூச்சு மூடிடும், பலகையை லேமினேட் மூடிடும். வேலை முடிஞ்ச அன்னைக்கு வந்து பார்த்தா நல்லா பண்ணினதும் மோசமா பண்ணினதும் அச்சு அசல் ஒண்ணு போலவே இருக்கும், வித்தியாசம் தெரியறதுக்குள்ள பணம் கைமாறியிருக்கும், ஆளும் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பான்.

பாத்ரூம்லருந்தே ஆரம்பிக்கறேன், ரொம்ப அடி வாங்கினது அதுலதான். பழைய டைல்ஸ் எல்லாம் கொத்தி எடுத்தாச்சு. வாட்டர்புரூஃபிங்குக்குன்னு ஒரு பவுடர் மூட்டை, ஒரு லிக்விட் கேன், ரெண்டையும் கொண்டு வந்து என் கண்ணு முன்னாடி வெச்சார், நல்ல கம்பெனி சரக்குதான், சந்தேகமே இல்ல. காலைல நான் வெளில கிளம்பும்போது தரை வெறும் காங்கிரீட்டா இருந்துச்சு, மதியம் வந்து பார்த்தா ரெண்டு கோட் அடிச்சு அதுக்கு மேல கலவையும் போட்டு மட்டம் பண்ணியாச்சுங்கறார். ரெண்டு கோட் எப்படிங்க அரை நாள்ல முடியும்? அந்த சிமெண்ட் பாலிமர் கோட்டிங் ஒண்ணு அடிச்சா அது காயறதுக்கு சில மணி நேரம் விடணும், ரெண்டாவது கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்கால அடிக்கணும், அப்புறம் கம்பெனிக்காரன் சொல்ற நாள் வரைக்கும் நல்லா செட்டாக விட்டு, டிரெயினை அடைச்சு தண்ணி கட்டி 24 மணி நேரம், முடிஞ்சா 48 மணி நேரம் அப்படியே நிறுத்தி வெச்சு, கீழ் சீலிங்லயும் பக்கத்துச் சுவர்லயும் ஈரம் எட்டிப் பாக்குதான்னு பார்த்துட்டுத்தான் மேல கலவையே போகணும். நான் இதைக் கேட்டதுக்கு என் மூஞ்சியப் பார்த்துக்கூட பதில் சொல்லல, பின்னாடி நின்ன என் வீட்டுக்காரரைப் பார்த்து "சார், தண்ணி கட்டினா டைல்ஸ் வேலை தள்ளிப் போகும், பரவால்லயா"ங்கறார். கேட்டது நான், பதில் அவருக்கு. அது தனிக் கதை, விடுங்க.

சில வாரம்தான் ஓடுச்சு. பாத்ரூமுக்கு அந்தப் பக்கம் இருக்கற பெட்ரூம் சுவர்ல, ஸ்கர்ட்டிங்குக்கு மேல புதுப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி வர ஆரம்பிச்சுது. கையை வெச்சா பட்டி ஈர மாவு மாதிரி விரலோட வருது, ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்திருக்கு. ஃபோன் பண்ணினா "புதுக் கலவைக்கா, ஈரம் இருக்கத்தான் செய்யும், தானா காஞ்சிடும்"ங்கறார். காயல. அப்புறம் "உங்க பழைய பைப் லீக்கு, அதுக்கு நாங்க என்ன பண்றது"ன்னு தூக்கி அடுத்தவன் தலைல போட்டார். இந்த இடத்துல எல்லாரும் குழம்பிடுவாங்க, ஆனா பைப் லீக்கா தரை லீக்கான்னு ஓரளவுக்கு நாமளே கண்டுபிடிச்சிடலாம். தண்ணி உள்ள வர்ற பைப்ல எப்பவும் பிரஷர் இருக்கும், அதனால பாத்ரூமைப் பூட்டி வெச்சாலும் ஓதம் பரவிக்கிட்டே இருக்கும், வால்வை மூடினாத்தான் நிக்கும். தரை வழியா இறங்குதுன்னா நீங்க குளிக்கற அளவுக்குத்தான் ஈரம், குளிக்கறதை நிறுத்தினா மெல்ல காய ஆரம்பிக்கும். நாங்க அந்த பாத்ரூமைப் பூட்டிட்டு வேற பாத்ரூம் யூஸ் பண்ணினோம், வால்வு தொறந்தேதான் இருந்துச்சு, சுவர் காய ஆரம்பிச்சுது. தண்ணி உள்ள வர்ற பைப் இல்லன்னு கிட்டத்தட்ட தெரிஞ்சு போச்சு. இதைச் சொன்னதுக்கப்புறம் அவர் கொடுத்த தீர்வு, டைல்ஸ் இடுக்குல எபாக்ஸி கிரவுட் அடைச்சுத் தரேன், அதுக்குத் தனி சார்ஜ்ங்கறது. எபாக்ஸி கிரவுட் நல்ல ஐட்டம்தான், கறை பிடிக்காது, தண்ணியும் லேசுல இழுக்காது, ஆனா கீழ கோட்டிங்கே இல்லாத தரையை அது காப்பாத்தாது, டிராப்பைச் (தரைல தண்ணி வெளியேற ஜாலி போட்டிருக்கற குழி) சுத்தியும் மூலையிலயும் இருக்கற கீறல் வழியா தண்ணி இறங்கிக்கிட்டுத்தான் இருக்கும்.

கடைசில வேற ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு தொறக்கச் சொன்னோம். அவர் உளியை வெச்சு மெதுவாத்தான் தட்டினார், டைல்ஸ் உடையவே இல்ல, முழுசு முழுசா கையோட வருது. ஒண்ணைத் திருப்பிக் காட்டினார், பின்பக்கம் நாலு மூலைக்கும் நடுவுக்குமா உருண்டை உருண்டையா கலவை வெச்ச தடம், மத்த இடம் கடையில வாங்கின மாதிரியே பளிச்சுன்னு இருக்கு. விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணியே உறிஞ்சாது, அரை சதவீதத்துக்கும் கம்மி, அதனால வெறும் சிமெண்ட் பாலு அதுல சரியாப் பிடிக்காது, டைல் அடெசிவ்தான் போடணும், அதையும் பல்லு கரண்டியால தரை முழுக்க இழுத்துத்தான் ஒட்டணும். உருண்டை வெச்சு ஒட்டினா உள்ள காலி இடம் நிக்கும், தண்ணி போய் அங்க தேங்கும். ஒட்டி முடிச்சு காஞ்சதும் ஒரு காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸா தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குன்னு காலிச் சத்தம் வந்தா அதை எடுத்துட்டுத் திரும்ப ஒட்டச் சொல்லுங்க.

அடியில இருந்த கலவையில பழைய டைல்ஸ் உடைச்ச சில்லும் செங்கல் துண்டும் போட்டு ஃபில் பண்ணியிருந்தாங்க, குப்பை அள்ற கூலியும் மிச்சம், ஜல்லியும் மிச்சம். அதையும் எடுத்தா கோட்டிங்னு சொன்னது சாம்பல் பூசின மாதிரி ஒரு படலம், நகத்தால கீறினா வந்துடுது, தண்ணி ஜாஸ்தி ஊத்தி கலக்கியிருக்கான்னார் கொத்தனார். சுவர்ல ஒரு விரல் அளவு கூட ஏத்தல. குறைஞ்சது ஒரு அடி உயரத்துக்காவது சுவர்ல ஏத்தணும், ஷவர் அடிக்கற பக்கம் ஆள் உயரத்துக்கு. தரையும் சுவரும் சேர்ற மூலையை கூர்மையா விடாம கலவை வெச்சு வளைவாக்கணும், டிராப்பைச் சுத்தி சுருங்காத கிரவுட்டா ஊத்தணும். நம்மாளு டிராப்பைச் சுத்தி சிமெண்டை உருட்டி திணிச்சிருந்தார், அவ்வளவுதான்.

வாட்டமும் கிடையாது. மீட்டருக்கு 10 மில்லிமீட்டராவது டிரெயின் பக்கம் சரிவு வேணும், குளிக்கற இடத்துல இன்னும் கொஞ்சம் கூட வெச்சாலும் நல்லது, எங்க தண்ணி நேரா கதவு நிலைக்கு வந்து நின்னுச்சு. டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடியே வெறும் கலவை மேல ஒரு மக்கு தண்ணி ஊத்திப் பாருங்க, எந்தப் பக்கம் ஓடுதுன்னு அது சொல்லிடும், ரசமட்டம் வெச்சுப் பார்க்கத் தெரிஞ்சாலும் தெரியலன்னாலும்.

பெயிண்டுக்கு வரேன். சீல் உடைஞ்ச பக்கெட்டைக் கொண்டு வந்தார், கேட்டா "ஷேட் மிக்ஸ் பண்ண கடையிலயே தொறந்துட்டாங்கக்கா"ன்னார். பதில் சரியாத்தான் இருக்கு, கலர் கலக்கறதுக்கு மூடியைத் தொறந்துதான் ஆகணும். ஆனா மிஷின்ல கலக்கினா ஷேட் நம்பர், தேதி எல்லாம் போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பாங்க, அது இல்லவே இல்ல. பக்கெட் பெரிய கம்பெனி, உள்ள இருந்தது எந்தக் கம்பெனின்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். முடிஞ்சா கடைக்கு நீங்களே கூடப் போய் கலக்கி வாங்கிட்டு வாங்க, ஒரு அலைச்சல்தான். எவ்வளவு தண்ணி கலக்கலாம்னு பக்கெட் மேலயே போட்டிருப்பான், அதைப் படிச்சுட்டு பக்கத்துல நில்லுங்க. எங்க சுவர் ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழும்போது திட்டுத் திட்டா தெரியுது, ஈரத்துணியால துடைச்சா துணில கலர் வருது.

பட்டி பாத்தது இன்னும் மோசம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாம, பிரைமர் அடிக்காம அது மேலயே இழுத்து விட்டிருக்கார். நல்ல சுவர்ல கூட, ஓதம் வந்த சுவரைச் சொல்லல, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குன்னு இழுத்தா டேப்போட சுவரும் வருது. பெயிண்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பழைய சுவரை உள்ளங்கையால தேய்ச்சுப் பாருங்க, கையில மாவா ஒட்டிச்சுன்னா சுரண்டாம அது மேல எதைப் பூசினாலும் நிக்காது. புதுப் பூச்சா இருந்தா 28 நாள் ஆறட்டும், பெயிண்டருக்கு அவசரம் இருக்கலாம், சிமெண்டுக்கு இல்ல.

கப்போர்டு பத்தி ஜாஸ்தி சொல்ல ஒண்ணும் இல்ல. தண்ணி தாங்கற மெரைன் பிளைன்னு சொல்லி முன் கதவுக்கு மட்டும் பிளை, உள் பக்கமும் அடியும் பார்ட்டிகிள் போர்டு, மேல லேமினேட் ஒட்டினதால தெரியல, சிங்க் பைப் லேசா ஒழுகினதுல அடிப்பலகை ஊறி உப்பிடுச்சு. பைப் போறதுக்குப் போட்ட ஓட்டையோட வெட்டு ஓரத்தைப் பாருங்க, அங்க லேமினேட் இருக்காது, அடுக்கடுக்கா தெரிஞ்சா பிளை, மரத்தூளை அமுக்கின மாதிரி இருந்தா பார்ட்டிகிள் போர்டு.

கரண்ட் வேலைதான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காத விஷயம். பாத்ரூம் தொறந்தப்ப எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொன்னோம், ஹீட்டர் பாயிண்ட்ல எர்த் வயரே கொடுக்கல. சாக்கெட்ல மூணு ஓட்டை இருக்கு, பார்க்க பக்காவா இருக்கு, எர்த் ஓட்டைக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல. ஹீட்டர் ஓடும், தண்ணி சுடும், எந்தக் குறையும் வெளில தெரியாது, உள்ள எலிமெண்ட் பழுதாகி பாடிக்கு கரண்ட் வர்ற அன்னைக்குத்தான் தெரியும், அப்ப அங்க ஈரக் காலோட நிக்கறது நம்ம வீட்டு ஆளுங்க. லைட்டுக்கு இழுக்கற 1.5 ஸ்கொயர் எம்எம் வயரையே ஹீட்டருக்கும் இழுத்து, நீளம் பத்தாத இடத்துல முறுக்கி டேப் சுத்தி பாக்ஸ் கூட வைக்காம சுவருக்குள்ள புதைச்சிருந்தாங்க. ஹீட்டருக்கு 2.5க்குக் குறையவே கூடாது, பெரிய ஹீட்டர்னா 4. காடி வெட்டி பைப் பதிச்சு வயர் இழுத்ததும், பூசறதுக்கு முன்னாடி, உங்க எலக்ட்ரீஷியனை விட்டு மீட்டர் வெச்சு எர்த் செக் பண்ணச் சொல்லுங்க. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனை கட் பண்ற சுவிட்ச்) இல்லன்னா அதையும் போட்டுடுங்க, டெஸ்ட் பட்டனை அப்பப்ப அமுக்கிப் பாருங்க, விழுதான்னு.

பணம் வாங்கினதுதான் பெரிய திறமை. ஒரு வேலையும் முடிக்காம அஞ்சு வேலையையும் பாதிப் பாதியா ஆரம்பிச்சு வெச்சுக்கிட்டார், ஒவ்வொண்ணுக்கும் "மெட்டீரியல் எடுக்கணும்க்கா, கடைக்காரன் நிக்கறான்"னு, ஆக மொத்தத்துல எதுவும் முடியறதுக்கு முன்னாடியே முக்கால்வாசிப் பணம் போயாச்சு. நிறுத்தலாம்னா வீடு முழுக்க கொத்திப் போட்டுக் கிடக்கு, எப்படி நிறுத்துறது. பில்லுல பெயிண்ட் ஏரியாவை கதவு ஜன்னல் கழிக்காம போட்டிருந்தார், கப்போர்டுக்கு முன்பக்க அளவுன்னு பேசிட்டு உள் தட்டு, சைடு எல்லாத்தையும் கூட்டியிருந்தார், கேட்டா எல்லாரும் அப்படித்தான் போடுவாங்களாம். இந்தக் கழிக்கறது கூட்டறது எல்லாம் அளக்கும்போதே பேசி எழுதிக்கங்க.

ஃபோட்டோ எல்லாம் வெச்சு மெசேஜ் போட்டதுல பாக்கித் தொகையைக் கேட்கறதை நிறுத்திட்டார், அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைச்சது, கொடுத்தது கொடுத்ததுதான். இப்ப வேலை பாக்கற கொத்தனார்கிட்ட எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்பிட்டேன், என்ன கெமிக்கல், எத்தனை கோட், சுவர்ல எவ்வளவு உயரம், தண்ணி கட்டி நாங்க வந்து பார்த்ததுக்கப்புறம்தான் கலவை, ஒரு வேலை முடிஞ்சு பார்த்துட்டுத்தான் அந்த வேலைக்குப் பணம், கடைசித் தொகை ஒரு மாசம் பாத்ரூம் யூஸ் பண்ணிட்டு. அவர் ஓகேன்னு ஒத்தை வார்த்தைல பதில் போட்டார், முகம் சுளிக்கல. வேலை தெரிஞ்சவனுக்கு இதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல, தண்ணி கட்டறதுன்னாலே சண்டைக்கு வர்ற ஆளா இருந்தா அங்கயே கும்பிடு போட்டு அனுப்பிடுங்க.

ஒண்ணு மறந்துட்டேன். மிச்ச டைல்ஸை "குப்பைதானேக்கா"ன்னு அந்த ஆள் வண்டில ஏத்திட்டுப் போயிட்டார், விட்டுடாதீங்க. பெட்டி மேல ஷேட் நம்பர், பேட்ச் நம்பர் போட்டிருக்கும், அதே டிசைன் வாங்கினாலும் பேட்ச் மாறினா நிறம் மாறும், சைஸ் கூட மயிரிழை மாறும். பெட்டியோட ஒண்ணு ரெண்டாவது எடுத்து பரண்ல போட்டு வையுங்க, நாங்க இப்ப அதே பேட்ச் கிடைக்குமான்னு கடை கடையா ஃபோட்டோவைக் காட்டிக்கிட்டு அலையறோம்.