சிகரெட்டிலிருந்து வேப்புக்கு: சில வருடப் பயன்பாட்டில் உடம்பில் பார்த்தது

லண்டனில் இருக்கிறேன். சிகரெட்டை நிறுத்த எனக்குக் கைகொடுத்தது வேப்தான், அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்-சிகரெட். மாறிய கொஞ்ச நாளிலேயே காலைச் சளி இருமல் குறைந்தது, சாப்பாடு ருசித்தது. புகையிலை எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை. புகைப்பவர்கள் இதற்கு மாறலாம் என்று இங்கே அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸும் சொல்கிறது.

ஆனால் வருடக்கணக்கில் இழுத்தால் உடம்பு வேறு கணக்குக் காட்டுகிறது. முதலில் தொண்டை வறட்சி. திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் ஈரத்தை இழுப்பவை. படுக்கைப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் எனக்குத் தூக்கம் இல்லை. அப்புறம் ஈறு. ரத்தமே வராததால் நன்றாக இருப்பதாக நினைத்தேன். நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுவதால் ஈறு நோய் வெளியே தெரியாது என்று பல் மருத்துவர் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். கீழ்ப்பற்களின் வேர் மஞ்சளாக வெளியே தெரிந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சளிதான். பள்ளியிலிருந்து மகள் கொண்டுவரும் ஜலதோஷம் அவளுக்குச் சீக்கிரம் போய்விடும், எனக்கு இழுத்துக்கொண்டே கிடக்கும். வேப்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2019-இல் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரி எலிகளிடம் செய்த ஆய்வு கவனிக்க வேண்டியது. நிக்கோடினே இல்லாத ஆவியைச் சுவாசித்த எலிகளிலும், நுரையீரலில் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் கொழுப்பு சேர்ந்திருந்தது. ஃப்ளூ வைரஸ் தாக்கியபோது அந்த எலிகள் அதிகம் பாதிக்கப்பட்டன. லவங்கப்பட்டை ஃப்ளேவரில் உள்ள சின்னமால்டிஹைடு நோய் எதிர்ப்பு செல்களை மந்தமாக்குவதும் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. அந்த ஃப்ளேவரை நிறுத்திவிட்டேன். திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளிலிருந்து கருகிய வாடை வந்தால் அடுத்த இழுப்பு இழுக்காதீர்கள். திரவத்தை உறிஞ்சி வைக்கும் பஞ்சு காய்ந்து சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வரும்.

2019-20-இல் அமெரிக்காவில் வேப் இழுத்த 2,800-க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்களே என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறிந்தது, வேப்பில் செருகும் கஞ்சா எண்ணெய்க் கார்ட்ரிட்ஜ்களில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். அதனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கைத் தொடவே கூடாது.

இங்கே சட்டப்படி மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோடின்தான் உச்சம். அதில் தொடங்கி இப்போது 3-இல் இருக்கிறேன், அடுத்தது பூஜ்ஜியம். ஊரில் கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் மாம்பழ ஃப்ளேவர் ஒன்று வாங்கி வரச் சொன்னான். அவன் சிகரெட்டே பிடித்ததில்லை. இந்தியாவில் 2019-லிருந்து இதைக் கொண்டுவருவதே குற்றம். இரண்டையும் சொல்லி மறுத்துவிட்டேன்.