புதுச்சேரியா, தரங்கம்பாடியா?

கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு என்றால் என் ஓட்டு தரங்கம்பாடிக்குத்தான்.

புதுச்சேரியில் வசதிக்குக் குறைவில்லை. மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காந்தி சிலையைச் சுற்றிக் குழந்தைகள் பயமின்றி ஓடலாம். நினைத்த நேரத்தில் நல்ல காபி. ஆனால் சனி, ஞாயிறுகளில் கூட்டம் சொல்லி மாளாது, அறை வாடகையும் எகிறிவிடும்.

தரங்கம்பாடியில் எல்லாமே நடக்கும் தூரம். நகர வாயிலைத் தாண்டிக் கடலை நோக்கி நடந்தால், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம் வரும். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. இன்னும் சற்று நடந்தால் டேனியர்கள் 1620-இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை. மதிலோரம் நின்றாலே உப்புக்காற்று முகத்தில் ஒட்டும். பக்கத்திலேயே மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கல்லைக் கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். நான் அதிக நேரம் நிற்பது அந்த இடத்தில்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் புதுச்சேரியோடு போட்டியே கிடையாது. இரவு வெகுநேரம் கடை திறந்திருக்க வேண்டும் என்பவர்கள் அங்கேயே தங்கட்டும். மற்றவர்கள் காரைக்கால் போகும் பஸ்ஸில் ஏறித் தரங்கம்பாடியில் இறங்கிக்கொள்ளலாம்.