ரூபி வெப்பன்: டபாய்க்கும் சிவப்புப் பூதத்தோடு சில வருட அனுபவம்

ஃபைனல் ஃபேன்டசி 7 வீடியோ கேமை முடித்தவர்களில் பலர், அதில் வரும் ரூபி வெப்பன் என்ற பூதத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். தொட வேண்டிய கட்டாயமும் இல்லை. முக்கிய வில்லன் செஃபிரோத்தை வீழ்த்தினால் கதை முடிந்துவிடும். 1997 ஜனவரியில் ஜப்பானில் வந்த முதல் பதிப்பில் ரூபியும் கிடையாது, கடலுக்கடியில் சுற்றும் எமரால்டு வெப்பனும் கிடையாது. அதற்கப்புறம் வந்த பதிப்புகளில் வேண்டுமென்றே சேர்த்த இரண்டு வம்புகள் இவை. அதனால்தானோ என்னவோ, மீதி விளையாட்டில் பழகிய எதுவும் இவற்றிடம் செல்லுபடியாவதில்லை.

நான் விளையாடுவது ஆண்ட்ராய்டு பதிப்பில். 2016-ல் வந்தது. சென்னை விம்கோ நகரில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்குகிற வேலை எனக்கு. போகவர அந்த நேரம்தான் விளையாட்டு நேரம். இத்தனை வருடத்தில் போன் மாறியிருக்கிறது, சேவ் ஃபைலைப் புதிதாக ஆரம்பித்திருக்கிறேன், ரூபியைப் பல விதமாக அடித்துப் பார்த்திருக்கிறேன். எது நின்றது, எது வெறும் பேச்சு என்று சொல்லும் அளவுக்கு இப்போது பழக்கம் உண்டு.

முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் அல்டிமேட் வெப்பன் என்ற இன்னொரு பூதத்தின் கணக்கு முடிய வேண்டும். அது வேறொரு தலைவலி. ஹைவிண்ட் விமானத்தால் போய் மோதினால் கொஞ்ச நேரம் சண்டை போடும், அப்புறம் பறந்து ஓடும். துரத்தித் துரத்தி மோதி, கடைசியில் காஸ்மோ கேன்யன் பக்கம்தான் விழும். அதற்கு ஒரு லட்சம் ஹெச்பி, அதாவது உயிர் அளவு. அது விழுந்த பிறகுதான் கோல்டு சாசர் என்ற கேளிக்கைப் பூங்காவைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் ரூபி தலைகாட்டும். தலைகாட்டும் என்றால் அதேதான்: மணலுக்கு மேலே சிவப்பாகக் கொஞ்சம் தெரியும், நகரும், மூழ்கும். போன் திரையில் கட்டைவிரலால் விமானத்தை ஓட்டி அதன்மேல் கொண்டுபோய் மோதுவது பேஜார். விரலே பாதித் திரையை மறைக்கிறது. ப்ளூடூத் கன்ட்ரோலர் இருந்தால் சுலபம். ஆனால் காலை நேர மெட்ரோவில் ஒரு கை கம்பிக்குப் போய்விடும்.

மோதியாயிற்று. இனிதான் விஷயம்.

ரூபிக்கு 8 லட்சம் ஹெச்பி. ஆனால் தோற்பவர்கள் அந்த எண்ணால் தோற்பதில்லை. சண்டை ஆரம்பித்ததும் உங்கள் பக்கம் மூவரில் ஒருவருக்கு மேல் நினைவோடு நின்றால், மணல் சுழலை எழுப்பி ஒவ்வொருவராகச் சண்டையை விட்டே வெளியே தள்ளிவிடும். சாகடிப்பதில்லை, தள்ளிவிடுகிறது. செத்தவரை ஃபீனிக்ஸ் டவுன் என்ற மருந்து போட்டு எழுப்பலாம். தள்ளப்பட்டவரை அந்தச் சண்டைக்குள் திரும்பக் கொண்டுவர வழியில்லை. கடைசியில் ஒற்றை ஆள் மிஞ்சுவார். அவர் 99-ஆம் லெவலில் இருந்தாலும் திணறல்தான்.

காசிமேட்டில் இருக்கும் என் சித்தப்பா பையன் ஒருநாள் போன் செய்து புலம்பினான்.

“இன்னாண்ணா இது, மூணு பேரும் ஃபுல் லெவல்ல வெச்சிருக்கேன். ரெண்டு பேரைத் தூக்கி வெளிய போட்டுட்டான்!”

“மூணு பேர் நிக்கிறதாலதான் போடுறான். ரெண்டு பேரைப் படுக்க வெச்சிட்டு உள்ள போ.”

“செத்த ஆளோடவா?”

“செத்த ஆளோடதான்.”

நான் பார்த்தவரை எல்லா வழிகளுக்கும் அடித்தளம் இதுதான். வேறு ஏதாவது சாதாரணச் சண்டையில் நம் ஆளை நாமே அடித்து இரண்டு பேரைச் சாய்த்துவிட வேண்டும். அவர்களை எழுப்பாமல், விடுதியில் தங்காமல் நேராக ரூபியிடம் போக வேண்டும். ஒரே ஒருவர் நிற்பதைப் பார்த்தால் ரூபிக்கு ஆள் தூக்கும் வேலை இல்லை. அது தன் கைகளை மணலில் குத்தி இறக்கும், அவை நம் ஆளுக்குப் பின்பக்கம் முளைக்கும். முன்னால் உடம்பு, பின்னால் இரண்டு கை. பார்க்க மோசமாகத் தெரியும், ஆனால் நமக்கு வேண்டியது இதுவேதான். கைகள் மணலில் இருக்கும்வரை மணல் சுழல் வராது. அந்த இடைவெளியில் மற்ற இருவரையும் எழுப்பிவிட வேண்டும். கேரமில் சிவப்பைப் போட்டவன் அடுத்த அடியிலேயே ஃபாலோ போட வேண்டும் அல்லவா, அந்த மாதிரி. கைகள் இறங்கியதும் இவர்கள் எழுந்தாக வேண்டும், நடுவில் வேறு யோசனை கூடாது.

தனியாக நிற்கும் அந்த ஆளை எப்படித் தயார் செய்வது என்பதில் பலரும் ஃபீனிக்ஸ், ஃபைனல் அட்டாக் என்ற இரண்டு மெட்டீரியாக்களை (ஆயுதத்திலும் கவசத்திலும் பதிக்கும் சக்திக் கற்கள்) ஜோடி சேர்க்கச் சொல்வார்கள். அவர் விழுந்தால் ஃபீனிக்ஸ் தானாக வந்து எல்லோரையும் எழுப்பும். நல்ல ஏற்பாடுதான், எனக்கும் கைகொடுத்திருக்கிறது. ஆனால் கைகள் மணலில் இறங்குவதற்கு முன்பே அவர் விழுந்துவிட்டால் மூன்று பேரும் எழுந்து நிற்பார்கள், ரூபிக்குத் திரும்ப ஆள் தூக்க வசதியாகிவிடும். அதனால் தனி ஆளுக்கு முதல் தேவை ஹெச்பி. இரண்டாவது, நிலை கெடுக்கும் தாக்குதல்களைத் தடுக்கும் ரிப்பன் என்ற அணிகலன். ஃபீனிக்ஸ் மூன்றாவதுதான்.

அடுத்தது அடிப்பது. வாளாலும் துப்பாக்கியாலும் அடிப்பது சுவரில் அடிப்பதுதான், ரூபியின் தற்காப்பு அவ்வளவு. அதைப் பொருட்படுத்தாமல் இறங்கும் அடி வேண்டும். அதில் முதல் இடம் நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட் (இனி ரவுண்ட்) மெட்டீரியாவின் அழைப்புக்கு. 13 வீரர்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு அடி அடிப்பார்கள். ஒவ்வொரு அடியும் உச்சமான 9999-ஐத் தொட்டால் மொத்தம் 1,29,987. ஆறு தடவை அழைத்தால் 7,79,922. பாக்கி 20,078. அந்த இருபதாயிரத்துக்காக ஏழாவது தடவையும் 13 பேரை வரவழைக்க வேண்டும். மேஜிக் அளவு குறைவாக இருந்தால் ஏழும் போதாது.

ஒரு அழைப்புக்கு 250 எம்பி, அதாவது மந்திர சக்தி, ஆகும். இங்கேதான் மைம் மெட்டீரியா காப்பாற்றுகிறது. ஒருவர் ரவுண்டை அழைத்தால் அடுத்த இருவரும் மைம் போட்டு அதையே திருப்பிச் செய்யலாம், எம்பி செலவே இல்லை. மூவரும் மாறி மாறிச் செய்தால் ஒரே ஒரு 250-ல் வண்டி ஓடும். ஒன்று மட்டும் கவனம்: நடுவில் யாராவது மருந்து போட்டால், அடுத்த மைம் அந்த மருந்தைத்தான் திருப்பிப் போடும். சும்மா இருக்கிறதே என்று நடுவில் ஒரு எலிக்ஸரைத் தட்டினால் சங்கிலி அறுந்துவிடும். அப்புறம் மறுபடி 250 கட்ட வேண்டும். இதற்காகத்தான் ரவுண்டோடு ஹெச்பி அப்சார்ப் மெட்டீரியாவை ஜோடியாக வைக்கிறேன். அடிக்கும்போதே உயிரும் ஏறும், மருந்துக்கு நிற்க வேண்டாம்.

ரவுண்டை அழைத்தால் ரூபியும் சும்மா இருக்காது, பதிலுக்கு அல்டிமா மந்திரத்தைப் போடும். மூவருக்கும் ஹெச்பி நிறைய இருந்தால் தாங்கலாம். பதிலடி தரும் கவுன்டர் மெட்டீரியாவையும் மைமையும் ஜோடி சேர்த்திருந்தால் அடி வாங்கியவர் தானாகவே இன்னொரு ரவுண்டைப் போடுவதும் உண்டு. அது நடக்கும்போது விளையாடுபவருக்கு வேலையே இல்லை, வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஜெயிப்பது உண்மை. ஆனால் யார் விளையாடுகிறார்கள் என்று தெரியாது.

நேரம்தான் பெரிய குறை. ரவுண்ட் காட்சி ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும், தாண்டிப் போக வழியில்லை. திருவொற்றியூரில் அழைத்தால் தேரடி வந்துவிடும். காலடிப்பேட்டை, டோல்கேட், தண்டையார்பேட்டை என்று நான் ஸ்டேஷன் எண்ணுவது இதை வைத்துத்தான். சண்டைக்கு நடுவே சேவ் செய்ய முடியாது. மண்ணடி வந்துவிட்டால் போனைக் கையில் ஏந்தியபடியே படியேற வேண்டும். போனும் சூடாகும். பிஎஸ் 4, ஸ்விட்ச் பதிப்புகளில் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதி இருக்கிறது. ரூபி, எமரால்டுக்காகவே வாங்குபவர் என்றால் அதை வாங்கச் சொல்வேன். போன் பதிப்பில் ஆட்களின் பலம் காட்டும் அளவுகளை ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்றும் வசதி ஒன்று உண்டு. ஆனால் மணல் சுழலுக்கு அளவு பற்றிக் கவலையில்லை, எத்தனை ஏற்றினாலும் இரண்டு பேர் வெளியேதான்.

ரவுண்ட் கையில் வருவதற்கே தங்கச் சோகோபோ (சவாரி செய்யும் பெரிய பறவை) வேண்டும் என்பது இன்னொரு கூத்து. வரைபடத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் தீவுக்கு வேறு எதுவும் போகாது. பச்சை, நீலம், கறுப்பு என்று சோகோபோ வளர்த்து, கோல்டு சாசரில் பந்தயம் விட்டு, அவை ஜோடி சேர ஸீயோ கொட்டை தேடி, எல்லாம் முடித்தால்தான் தங்கம். இவ்வளவும் செய்து ரூபியை அடித்தால் பரிசாகப் பாலைவன ரோஜா கிடைக்கும். அதைக் கால்ம் ஊரில் இருக்கும் பயணியிடம் கொடுத்தால் அவர் தருவது என்ன தெரியுமா? ஒரு தங்கச் சோகோபோ! இதை யோசித்தவருக்கு நல்ல நக்கல்.

சரி, சோகோபோ வளர்க்கப் பொறுமையில்லாதவர்களுக்கு வழி உண்டா? உண்டு, ஆனால் எதுவும் நிம்மதியானது இல்லை. கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் கெல்னிகா விமானத்தில் ஹேடிஸ் மெட்டீரியா இருக்கிறது, நீர்மூழ்கி போதும். கைகள் மணலில் இருக்கும் நேரத்தில் மட்டும் ரூபிக்கு முடக்கம் (அசையாமல் நிற்கும் நிலை) பிடிக்கும். ஹேடிஸை அழைத்து முடக்கி, அப்புறம் டேசர் பொருட்களைப் போட்டு முடக்கத்தை நீட்டிக்கொண்டே போகலாம். இது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பார்த்து நாமே முடிவெடுக்கிறோம். கைகளை அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அவை வெளியே இருப்பதுதான் நமக்கு லாபம். குறை என்னவென்றால், முடக்கினாலும் 8 லட்சம் அப்படியே இருக்கிறது. தற்காப்பைத் தாண்டும் அடி இல்லாமல் முடக்கி என்ன பயன்? காசு எறியும் காயின் கட்டளை தாண்டும். 99,990 கில் எறிந்தால் 9999 அடி. 81 தடவை எறிய வேண்டும், ஏறக்குறைய 81 லட்சம் கில். வேடிக்கைக்காகச் சேர்த்து வைப்பவர்கள் முயலலாம்.

நம் அணியில் வரும் கெய்ட் சித்தின் ஸ்லாட்ஸ் என்ற சூதாட்டத் தாக்குதலில் மூன்று பொம்மை முகமும் ஒன்றாக வந்தால் ‘கேம் ஓவர்’ என்ற அடி விழுந்து ரூபியும் ஒரே அடியில் போய்விடும். முகம் பிசகினால் நம் ஆட்கள் மொத்தமாகப் போவார்கள். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது லாட்டரி.

இப்போது என் ஏற்பாடு இரண்டையும் சேர்த்தது: கைகள் இறங்கியதும் இருவரையும் எழுப்பி, ஹேடிஸை முதலில் அழைத்து, முடக்கம் பிடித்ததைப் பார்த்த பிறகே ரவுண்டும் மைமும். கூடுதலாக ஒரு காட்சி பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் மூவருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. காசிமேட்டுத் தம்பியும் இப்படித்தான் கெலித்தான், “மெர்சல்ணா” என்று மெசேஜ் வந்தது.

அதே ஜோரில் அவன் எமரால்டிடம் போனதுதான் ஆகவில்லை. அங்கே 10 லட்சம் ஹெச்பி, 20 நிமிடக் கெடு. கெடுவை நீக்க அண்டர்வாட்டர் மெட்டீரியா வேண்டும். ரூபிக்காக ஏற்றிய மெட்டீரியாவோடு போகவே கூடாது, ஏனென்றால் ஏர் டாம் ஸ்டார்ம் என்ற அதன் தாக்குதல் ஒவ்வொருவரும் அணிந்திருக்கும் மெட்டீரியா ஒன்றுக்கு 1111 வீதம் அடிக்கும். எட்டு என்றால் 8888 போனாலும் உயிர் மிஞ்சும். ஒன்பது என்றால் 9999, ஹெச்பி முழுதாக இருந்தாலும் ஆள் காலி. ஆளுக்கு எட்டுக்குள் நிறுத்திக்கொண்டு மற்றதைக் கழற்றி வையுங்கள். முதலில் கழற்ற வேண்டியது, ரூபிக்காக மாட்டிய ஹேடிஸ்.