ஜெர்மனி செமஸ்டர் டிக்கெட்: மாதம் 37.80 யூரோவுக்கு என்ன கிடைக்கிறது?

ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்கள் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே, மாணவர்களுக்கான நாடு தழுவிய பயணச்சீட்டான டாய்ச்லாண்ட் செமஸ்டர் டிக்கெட்டுக்கும் பணம் வாங்கிவிடுகின்றன. 2024 கோடை செமஸ்டரில் ஆறு மாதத்துக்கு 176.40 யூரோவாக இருந்தது, 2025-ல் 208.80 ஆனது, 2026 கோடை செமஸ்டரிலிருந்து 226.80, அதாவது மாதம் 37.80. மற்றவர்கள் மாதம் 63 யூரோ கொடுத்து வாங்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் விலையில் இது 60 சதவீதம். வேண்டாம் என்று விலகப் பெரும்பாலும் வழி கிடையாது. ஆகவே கொடுத்த காசை எப்படி முழுசாகப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், ஊ-பான் (மெட்ரோ), எஸ்-பான் (புறநகர் ரயில்), ஆர்.பி., ஆர்.இ. என்னும் வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் இரண்டாம் வகுப்பில் போகலாம். பிராங்க்பர்ட், மியூனிக் விமான நிலையங்களுக்கும் எஸ்-பானில் தனி டிக்கெட் வேண்டாம். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைகூடச் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி., ஃபிளிக்ஸ்ட்ரெயின் போன்ற நெடுந்தூர ரயில்களில் பொதுவாகச் செல்லாது.

இந்த டிக்கெட்டால் பணம் மிச்சமாவது வாடகையில்தான். மாணவர் விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்க முடியும் முடக்கக் கணக்கில் 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ கணக்கு. அதில் பெரும்பங்கை அறை வாடகை விழுங்கிவிடும். பல்கலைக்கழகம் இருக்கும் நகரத்திலேயே அறை தேடி அலைவதைவிட, 30, 40 நிமிட ரயில் தூரத்தில் இருக்கும் சிற்றூர்களையும் சேர்த்துத் தேடுங்கள். பயணச் செலவு ஒரு சென்ட்கூட அதிகரிக்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ரயில் மணிக்கு ஒன்றா, மூன்றா? மணிக்கு ஒன்றுதான் என்றால் ஒன்று ரத்தானாலே காலை வகுப்பு போச்சு. ஞாயிறு இரவு கடைசி வண்டி எப்போது? பகுதிநேர வேலை முடிந்து திரும்புகிறவர்களுக்கு இது முக்கியம். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: அந்தப் பாதை பராமரிப்புக்காக மூடப்படப் போகிறதா? பிராங்க்பர்ட்-மன்ஹைம் பாதையை 2024 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஐந்து மாதம் அடைத்து வைத்தார்கள். மாற்றுப் பேருந்து விடுவார்கள், ஆனால் நேரம் கூடிவிடும்.

ஊர் சுற்ற நினைப்பவர்களுக்கு: கொலோனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஐ.சி.இ. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், இந்த டிக்கெட்டில் ரைன் நதியோரமாகச் சுமார் மூன்று மணி நேரம். இது தாராளமாகப் போகலாம், வழியும் அழகு. மியூனிக்-பெர்லின் அப்படியில்லை. ஐ.சி.இ. நான்கு மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும், நடுவில் பல இடங்களில் மாற வேண்டும். ஜெர்மன் ரயில்வேயின் டி.பி. நேவிகேட்டர் செயலியில் டாய்ச்லாண்ட் டிக்கெட் வண்டிகளை மட்டும் காட்டும் வசதியை இயக்கி, மாறும் நேரத்தை 15 நிமிடமாகவாவது வையுங்கள். அது தானாகக் காட்டும் ஐந்தாறு நிமிட இடைவெளியை நம்பினால் அடுத்த வண்டி போய்விடும். சில ரயில்கள் நடுவழியில் பிரியும். மியூனிக்கிலிருந்து தெற்கே போகும் வண்டி ஹோல்ஸ்கிர்ஹனில் பிரிகிறது, ஏறும்போதே பெட்டியின் பலகையைப் படியுங்கள்.

தாமதம்தான் இந்த டிக்கெட்டின் பெரிய குறை. சாதாரண டிக்கெட் வைத்திருப்பவர், சேருமிடத்துக்கு 20 நிமிடமாவது தாமதமாகும் என்றால் வேறு ரயிலில் ஏறலாம். உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஐ.சி.இ.யில் ஏறினால் தனி டிக்கெட்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இழப்பீடு 1.50 யூரோ. 4 யூரோவுக்குக் குறைவாக இருந்தால் தர மாட்டார்கள், எனவே மூன்று தாமதங்களைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

பரிசோதகர் வந்தால் டிக்கெட்டோடு பாஸ்போர்ட் போன்ற படமுள்ள அடையாள அட்டையும் காட்ட வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. போனில் சார்ஜ் இல்லையென்றால் 60 யூரோ அபராதம். செல்லுபடியாகும் டிக்கெட்டை ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய்க் காட்டினால் பெரும்பாலும் சிறு தொகையாகக் குறைப்பார்கள். இனிஷியல் உள்ள பெயர்களில் குழப்பம் வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே டிக்கெட்டிலும் பெயர் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், தவறென்றால் மாணவர் அலுவலகத்தில் திருத்தச் சொல்லுங்கள்.

குளிர்கால செமஸ்டர் பல்கலைக்கழகங்களில் அக்டோபர் 1-ல்தான் தொடங்கும். செப்டம்பரிலேயே வந்து இறங்குபவர்கள் 63 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட் சந்தாவை எடுக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடிப்பார்கள். 10-ஆம் தேதிக்குப் பிறகு வருபவர்கள் உள்ளூர் வார டிக்கெட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சைக்கிளுக்குத் தனி டிக்கெட். மடக்கும் சைக்கிளை மடித்து எடுத்துப்போனால் இலவசம்.

வெளிநாட்டில் இன்டெர்ன்ஷிப் போகிறவர்களும் விடுப்பு செமஸ்டர் எடுப்பவர்களும் பல பல்கலைக்கழகங்களில் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மாணவர் பேரவையான ஆஸ்டாவில் அதற்கென விண்ணப்பம் இருக்கும். கடைசித் தேதி செமஸ்டர் தொடங்கிய சில வாரங்களிலேயே வந்துவிடலாம், கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.