திருடனுக்காக வாங்கிய கேமரா: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

கோத்தகிரிக்குக் கீழே தேயிலைச் சரிவில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டு விளக்கு தெரியும், கூப்பிட்டால் குரல் எட்டாது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார், நான் கோவையில். முன்பு ஒரு நாய் இருந்தது. மார்கழி இரவொன்றில் சிறுத்தை அதைத் தூக்கிச் சென்றபின், இன்னொன்று வளர்க்க அம்மா சம்மதிக்கவில்லை. அதனால்தான் சூரிய ஒளியில் இயங்கும் 4ஜி கேமரா வாங்கினேன். எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது.

திருட்டு இதுவரை ஒரே ஒரு முறைதான். லாரிக்காக வாசலில் வைத்திருந்த பச்சைத் தேயிலை மூட்டை போனது. பதிவில் கிடைத்தது ஒரு முதுகும் ஒரு கம்பளிக் குல்லாவும். அந்தக் குல்லா எங்கள் ஊரில் பாதிப் பேர் தலையில் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் கேமரா எப்போதும் விழித்திருக்காது. உடல் வெப்பம் நகர்வதை உணர்ந்த பிறகே கண் திறக்கும், அந்த ஓரிரு நொடியில் ஆள் கடந்துவிடுவான். பாதைக்கு நேர் எதிரே மாட்டியதும் என் பிழை. எதிரே வருபவனைவிடக் குறுக்கே நடப்பவனைத்தான் அது சீக்கிரம் பிடிக்கும். பக்கச் சுவரில் எட்டடி உயரத்துக்கு மாற்றியபின் முகம் தெரிகிறது. கொடியில் காயும் போர்வையை மட்டும் அதன் பார்வையில் போடாதீர்கள். அம்மாவின் போர்வை ஒரே பகலில் 43 முறை எனக்கு எச்சரிக்கை அனுப்பியது.

எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனம். ஐப்பசியில் வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டாது. முதல் ஆண்டு ஆறாம் நாளே பேட்டரி இறங்கிவிட்டது. சூரிய ஒளிப் பலகையைக் கேமராவோடு கூரை நிழலில் விட்டிருந்தேன். அதைப் பிரித்துக் கூரைமேல் தெற்கு பார்த்துச் சற்றே சாய்த்து வைத்ததும் அடுத்த மழைக்காலம் தாங்கியது. மூன்றாம் ஆண்டு பேட்டரியையே மாற்ற வேண்டியதாயிற்று. உறைபனி விழும் ஊட்டிப் பக்கத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சிம் வாங்குமுன், கேமரா மாட்டப்போகும் அதே சுவரடியில் நின்று சிக்னல் பாருங்கள். நான் முற்றத்தில் நின்று பார்த்து ஏமாந்தேன்.

போன ஆண்டு ஒரு விடியற்காலை, நான்கே முக்காலுக்குக் கைபேசி அதிர்ந்தது. சமையலறைக் கதவருகே கரடி. பின்னங்காலில் நின்று கதவின் மேல்பலகையை முகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே நல்லெண்ணெய்த் தகரம். எங்கள் கழிவறை வீட்டுக்கு வெளியே, அம்மா எழுந்து போகும் நேரமும் அதுதான். உடனே அழைத்தேன்.

"தாழ்ப்பாளைத் தொடாதே அம்மா."

"தொட்டுவிட்டேன் கண்ணு. இன்னும் எடுக்கவில்லை."

பலகையில் நான்கு நகக்கீறல்கள் இன்னும் இருக்கின்றன. அன்றிலிருந்து கைபேசியைப் பார்க்காமல் அம்மா கதவைத் திறப்பதில்லை. செயலி முழுவதும் ஆங்கிலம். அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு படக்குறியைத்தான், அது போதுமாக இருக்கிறது. மாதத்தில் ஓரிரு நாள் தண்ணீர்த் தொட்டியருகே காட்டெருமை அசைபோட்டுக்கொண்டு நிற்கும். அம்மா திரும்பிப் படுத்துவிடுவார். கேமராவின் சைரனை நானே அணைத்துவிட்டேன். மிரண்ட காட்டெருமை எந்தப் பக்கம் பாயும் என்று யார் சொல்ல முடியும்?

மூடுபனி இரவில் இதை நம்ப முடியாது. கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, திரை சுண்ணாம்படித்த சுவராகிவிடும். அப்படிப்பட்ட நாட்களுக்காகத் தொட்டிக் கம்பத்தில் ஒரு விளக்குப் போட்டு, சுவிட்சை உள்ளே வைத்தேன். அதை எரியவிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். மின்சாரம் போனால் அதுவும் இல்லை.

இரண்டாவது கேமரா வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அந்தப் பணத்தைக் கொத்தனாரிடம் முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். தை பிறந்ததும் கழிவறையை வீட்டோடு சேர்த்துக் கட்டுகிறோம்.