பேசும் போனும் பேசும் கணினியும்: பலகாரக் கடையில் ஆறு வருடம்

காரைக்குடியில் ஆத்தாவும் நானும் பலகாரக் கடை நடத்துகிறோம். அடுப்படி ஆத்தாவோடது, ஆர்டரும் கணக்கும் என் பொறுப்பு. கண்நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) எனக்குப் பார்வை முழுதாகப் போய் ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இந்த இரண்டு மென்பொருள்களையும்தான் தினமும் பயன்படுத்துகிறேன்.

முதல் மாதம் சிரமம்தான், மறைக்க மாட்டேன். விரல் படுகிற இடத்தில் இருப்பதை டாக்பேக் சொல்லும், திறக்க இரண்டு தட்டு தட்ட வேண்டும், வலப்பக்கம் விரலைத் தள்ளினால் அடுத்ததற்குப் போகும். அவ்வளவுதான் அடிப்படை, ஆனால் பழகுவதற்குள் பலர் விட்டுவிடுகிறார்கள். பேச்சு வேகத்தை முதலில் குறைத்து வையுங்கள், அப்புறம் மெல்லக் கூட்டலாம். இப்போது நான் வைத்திருக்கிற வேகத்தில் ஆத்தாவுக்கு ஒரு சொல்லும் புரியாது.

ஆர்டர் எழுத அதிகமும் குரல் தட்டச்சுதான். ஆனால் சொன்னதை அப்படியே நம்பி அனுப்பக் கூடாது. ஒரு தீபாவளிக்கு ‘மனகோலம் கால் கிலோ’ என்று சொன்னதில் ‘கால்’ விழாமலே போய்விட்டது, நாங்கள் ஒரு கிலோ கட்டிவிட்டோம். அன்றிலிருந்து அளவை மட்டும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டுப் பார்க்கிறேன். பெயர்களை எழுத்தெழுத்தாகக் கேட்டாலும் என் காதுக்கு ந, ன இரண்டும் ஒன்றுபோலத்தான் விழுகின்றன, அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

காசு விஷயம். கல்லாவில் இருக்கிற ஒலிப்பெட்டி ‘நூற்றைம்பது ரூபாய்’ என்று சத்தமாகச் சொல்வது பார்வையுள்ளவர்களுக்கு ஒரு வசதி, எனக்கு அதுதான் ஆதாரம். ரொக்கம் வந்தால் ரிசர்வ் வங்கியின் மணி செயலி. 2020 ஜனவரியில் வந்தது, இணையம் இல்லாமலும் நோட்டைப் பார்த்துச் சொல்லும். விரலாலும் பார்க்கலாம்: புது 100 ரூபாய் 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. ஒவ்வொன்றுக்கும் நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கசங்கிய நோட்டில் அதுவும் பிடிபடாது. அதனால் அவசரத்தில் விரலை நம்புவதில்லை.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது வங்கிச் செயலியில். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு பட்டன்களின் பெயர்களை இழந்துவிட்டது. எதைத் தொட்டாலும் ‘பட்டன், பட்டன்’ என்கிறது. எது பணம் அனுப்புவது, எது ரத்து செய்வது என்று தெரியாமல் பத்து நாள் பக்கத்துக் கடை அண்ணனிடம் போனைக் கொடுத்தேன். அண்ணன் நல்லவர்தான், இருந்தாலும் என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? டாக்பேக்கில் சில பட்டன்களுக்கு நாமே பெயர் வைக்கலாம், அப்படித்தான் சமாளித்தேன். டிஜிட்டல் சேவை எல்லாருக்கும் எட்ட வேண்டியது வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. செயலி எழுதுகிறவர் பட்டனுக்கு ஒரு சொல் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கணினி விஷயத்தில் எனக்குக் குறை குறைவு. என்விடிஏ இலவசம், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவரே 2006-ல் எழுதத் தொடங்கியது. எக்செல் கணக்கில் எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வரும். 2025 பதிப்பிலிருந்து தூரத்துக் கணினியை இயக்கும் வசதியும் உள்ளேயே வந்துவிட்டதால் தேவகோட்டை நண்பர் அங்கிருந்தபடியே என் கணினியைச் சரிசெய்து கொடுக்கிறார்.

தடுக்கி விழுவது பழைய எழுத்துருக்களில்தான். யுனிகோடில் இருந்தால் அழகாகப் படிக்கும். பாமினியில் தட்டிய கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லை ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்கிறது. பக்கம் முழுக்க அப்படியே! எழுத்துரு மாற்றியில் ஒட்டி யுனிகோடாக்கித்தான் படிக்க வேண்டும். படமாகவே வந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறப்பேன், அச்செழுத்தாக இருந்தால் பெரும்பாலும் சரியாக எடுத்துக் கொடுக்கும்.

கல்யாணப் பத்திரிகை இதில் தனி வேதனை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாமே படமாக வரும், கொடி கொடியாக வளைந்த எழுத்தை கூகுள் லென்ஸும் திணறித்தான் படிக்கும், எந்த ஊர், என்றைக்கு என்று ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்பேன். போன வாரம் கண்டனூர் ஆச்சி தன் பேரன் பத்திரிகையை அனுப்பியபோது கீழே தேதி, நேரம், மண்டபம் மூன்றையும் தட்டச்சு செய்திருந்தார்கள். பஸ்ஸில் நின்றபடியே கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே ஆத்தாவிடம் சொல்லி அதிரசத்துக்கு மாவு இடிக்கச் சொல்லிவிட்டேன்.